அதே 28 பேரை ஆயிரம் தடவை எடுத்தால் புதிதாக என்ன தெரிந்துவிடும்? (பூட்ஸ்ட்ராப் சந்தேகம்)

வார்டுடேட்டா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் புள்ளியியல் படித்தவள் இல்லை. செவிலியர் துறையில் பிஎச்டி செய்கிறேன். ஒரு குறிப்பிட்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளி எத்தனை நாள் வார்டில் இருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் டேட்டா. 28 நோயாளிகள், 41 அறுவை. பெரும்பாலும் நாலைந்து நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் மாதக்கணக்கில் இழுத்துவிட்டது. அந்த இரண்டு மூன்று பேரே சராசரியை எங்கோ கொண்டுபோய் விடுவதால் இடைநிலை அளவை (எல்லா எண்களையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) கொடுத்திருந்தேன். கட்டுரையைப் படித்த மதிப்பாய்வாளர், "இடைநிலைக்கு நம்பிக்கை இடைவெளி எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார், அதாவது உண்மையான இடைநிலை எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டச் சொல்கிறார்.

கைடு, பூட்ஸ்ட்ராப் (இருக்கிற டேட்டாவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடும் முறை) போட்டுக் கொடுத்துவிடு என்கிறார். கூடப் படிப்பவரோ, அது ஒரே தாளை ஆயிரம் ஜெராக்ஸ் எடுத்து ஆயிரம் தாள் இருக்கிறது என்று காட்டுகிற வேலை என்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. இருக்கிற எண்களையே திரும்பத் திரும்ப எடுத்தால் புதுத் தகவல் எங்கிருந்து வரும்? இதை யார் கண்டுபிடித்தது, எதை நம்பி எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்?

---

பைத்தான்பாண்டி எழுதியது:

அக்கா, பைத்தானின் கணக்குத் தொகுப்பான சைப்பையில் ஒரே வரிதான். 2021இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து பூட்ஸ்ட்ராப் என்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. எதுவும் மாற்றாமல் ஓட்டினாலே 9999 தடவை எடுத்து, சாய்வையும் சரிசெய்து இடைவெளியைக் கொடுத்துவிடும். டீ வாங்கி வருவதற்குள் முடிந்துவிடும்.

---

ஐயப்பாடு எழுதியது:

ஒரே வரி என்பதுதான் பிரச்சினையே. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓட்டி, வந்த எண்ணைக் கட்டுரையில் ஒட்டுகிறார்கள். கூடப் படிப்பவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. 28 பேரிடமிருந்து 28 பேர் அளவுக்குத்தான் தகவல் கிடைக்கும். கம்ப்யூட்டரை எவ்வளவு நேரம் சுடவைத்தாலும் 29ஆவது ஆள் வரமாட்டார்.

---

சாம்பிள்சாமி எழுதியது:

29ஆவது ஆள் வரமாட்டார் என்பது முழுக்கச் சரி. பூட்ஸ்ட்ராப் அவரை வரவழைப்பதாகச் சொல்லவும் இல்லை. கேள்வி வேறு. "இந்த 28 பேருக்குப் பதில் அதே ஆஸ்பத்திரிக்கு வேறு 28 பேர் வந்திருந்தால் என் இடைநிலை எவ்வளவு மாறியிருக்கும்?" அந்த ஆட்டத்தின் அளவுதான் மதிப்பாய்வாளர் கேட்கிறது. சராசரிக்கு இதைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் தெரிந்த வாய்ப்பாடு உண்டு: திட்டவிலக்கத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். இடைநிலைக்கும், ஒட்டுறவுக் கெழுவுக்கும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்), இரண்டு விகிதங்களின் விகிதத்துக்கும் அப்படிச் சுலபமான வாய்ப்பாடு கையில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும்.

இதை உடைத்தவர் ஸ்டான்ஃபோர்டின் பிராட்லி எஃப்ரான். அடிப்படையில் கணித ஆள்; 1960இல் கால்டெக்கில் கணிதப் பட்டம், பிறகுதான் ஸ்டான்ஃபோர்டில் புள்ளியியல். (மாணவராக இருந்தபோது அங்கே கல்லூரி நகைச்சுவைப் பத்திரிகை நடத்தி, அது எல்லை மீறிவிட்டது என்று சில மாதம் வெளியே அனுப்பப்பட்டவர்.) 1979இல் அன்னல்ஸ் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரையில்தான் பூட்ஸ்ட்ராப் வருகிறது. யோசனை இவ்வளவுதான்: உலகத்தில் இருக்கும் எல்லா நோயாளிகளையும் நாம் பார்க்க முடியாது. அவர்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் ஒரே சித்திரம் இந்த மாதிரிதான். சரி, அந்தச் சித்திரத்தையே உலகம் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து மாதிரி எடுத்தால் எப்படி ஆடும் என்று பார்ப்போம்.

அம்மா, ஐந்தே எண்ணை வைத்துக் கையால் செய்து காட்டுகிறேன். ஐந்து பேர் வார்டில் இருந்த நாட்கள் 4, 7, 9, 15, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைநிலை 9. ஐந்து சீட்டில் எழுதி டப்பாவில் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கி, அடுத்ததை எடுங்கள். இப்படி ஐந்து தடவை. திரும்பப் போடுவதுதான் உயிர்நாடி. போடாமல் எடுத்தால் எப்போதும் அதே ஐந்துதான் வரும், எதுவும் ஆடாது. ஒரு தடவை 7, 7, 9, 40, 40 வரலாம், இடைநிலை 9. இன்னொரு தடவை 4, 4, 7, 9, 15 வரலாம், இடைநிலை 7.

மொத்தம் 5 பெருக்கல் 5 என்று ஐந்து தடவை போனால் 3125 வழிகள். இவ்வளவு சின்ன டேட்டாவுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம், எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். 1141 வழிகளில் இடைநிலை 9 வரும். 7 வருவது 811, 15 வருவதும் 811. 4 வருவது 181, 40 வருவதும் 181. ஆக 7க்கும் 15க்கும் இடையில் கிட்டத்தட்ட 88 சதவீதம். உங்கள் இடைநிலை எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதன் ஒரு மதிப்பீடு இது. எண்கள் கூடும்போது எண்ணி முடிக்க முடியாது. 15 எண் இருந்தால், வரிசையைக் கணக்கில் எடுக்காமலே 7 கோடியே 75 லட்சத்துக்கு மேல் வெவ்வேறு மாதிரிகள் வரும். அதனால்தான் எல்லாவற்றையும் எண்ணாமல் ஆயிரமோ பத்தாயிரமோ சும்மா எடுத்துப் பார்க்கிறோம். எத்தனை தடவை எடுக்கிறோம் என்பதால் தகவல் கூடாது. எண்ணும் வேலையில் வரும் பிசிறு மட்டும் குறையும்.

---

வார்டுடேட்டா எழுதியது:

சார், சீட்டை வெட்டி நானே குலுக்கிப் பார்த்தேன். "ஆட்டத்தின் அளவு" என்ற இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. ஆனால் ஒரு இடறல். அந்த 40 தற்செயலாக வந்த ஆளாக இருந்தால்? அவரை வைத்தல்லவா இந்த ஆட்டம் முழுவதும் நடக்கிறது?

---

ஐயப்பாடு எழுதியது:

அதைத்தான் நானும் கேட்கிறேன். மாதிரி கோணலாக இருந்தால் குலுக்கி எடுக்கும் ஒவ்வொன்றும் கோணல்தான்.

இன்னொன்று. இடைநிலைக்கு நல்ல வழி இல்லை என்பது போல சாமி சார் எழுதியிருக்கிறார். இருக்கிறது, அதுவும் பழைய வழி. 28 எண்ணையும் ஏறுவரிசையில் எழுதுங்கள். 9ஆவது எண்ணிலிருந்து 20ஆவது எண் வரை. முடிந்தது, அதுதான் இடைவெளி. ஒவ்வொரு நோயாளியும் உண்மையான இடைநிலைக்குக் கீழே விழுவதும் மேலே விழுவதும் காசு சுண்டுவது போலப் பாதிப் பாதி என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், இது 96.4 சதவீத இடைவெளி. தோராயம் எதுவும் இல்லை, டேட்டா எந்த வடிவத்தில் இருந்தாலும் பொருந்தும், கம்ப்யூட்டரும் தேவையில்லை.

---

சாம்பிள்சாமி எழுதியது:

ஐயப்பாடு சொன்ன வழி அருமையான வழி. கேட்டவருக்கு முதலில் அதைத்தான் நான் காட்டியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் அது இடைநிலை, கால்மானம் போன்றவற்றோடு நின்றுவிடும். நாளைக்கே மதிப்பாய்வாளர் ஒட்டுறவுக்கு இடைவெளி கேட்டால்?

எஃப்ரானே அடிக்கடி காட்டிய உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் 82 சட்டக் கல்லூரிகளில் 15ஐ மட்டும் எடுத்து, நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டால் 0.776. குலுக்கி எடுத்துப் பார்த்தால் இதன் திட்டப்பிழை, அதாவது அந்த எண் ஆடும் அளவு, 0.13 அளவில் வருகிறது. அந்தக் கணக்கில் ஒரு வசதி, 82 கல்லூரிகளின் விவரமும் கையில் இருந்தது. முழுவதற்கும் ஒட்டுறவு 0.76. அதாவது மாதிரியின் விடை உண்மைக்கு மிக அருகில்தான் இருந்தது, ஆனால் 15ஐ மட்டும் பார்த்தவருக்கு அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல உரிமை இல்லை என்று அந்த 0.13 எச்சரிக்கிறது.

எஃப்ரானும் டிப்ஷிரானியும் 1993இல் எழுதிய பாடநூல் ஆஸ்பிரின் கணக்கில் தொடங்கும். இது உங்கள் துறைக்கு நெருக்கம், அதனால் சொல்கிறேன். ஆஸ்பிரின் சாப்பிட்ட 11,037 மருத்துவர்களில் 104 பேருக்கு மாரடைப்பு. வெறும் மாத்திரை சாப்பிட்ட 11,034 பேரில் 189 பேருக்கு. விகிதம் 0.55, இடைவெளி 0.43 முதல் 0.70. இடைவெளி 1ஐ (1 என்றால் இரண்டு பக்கமும் சமம்) தொடவே இல்லை, ஆகவே பலன் உண்டு என்று சொல்லலாம். அதே ஆட்களிடம் பக்கவாதத்தைப் பார்த்தால் 119க்கு 98. விகிதம் 1.21, ஆஸ்பிரின் கெடுதல் செய்வது போலத் தெரியும். ஆனால் இடைவெளி 0.93 முதல் 1.59 வரை. 1 நடுவில் வந்துவிட்டது, அதனால் வாயைத் திறக்க முடியாது. 1.21 என்ற ஒற்றை எண்ணை மட்டும் அச்சடித்திருந்தால் எவ்வளவு பேர் பயந்திருப்பார்கள்!

அப்புறம் அந்த 40. அம்மா, நீங்கள் கேட்டது இந்த முறையின் எல்லைக்கோட்டையே தொடுகிறது. மாதிரி பெருகப் பெருக அது காட்டும் சித்திரம் உண்மையை நெருங்கும் என்பதுதான் இதன் நம்பிக்கை. 1981இல் பிக்கல், ஃப்ரீட்மன் இருவரும் ஒரு பக்கம், கேசர் சிங் இன்னொரு பக்கம், எந்த நிலைமைகளில் இது செல்லும் என்று நிரூபித்துக் கொடுத்தார்கள். பெரிய மாதிரி என்று வைத்துக்கொண்டு செய்த நிரூபணங்கள் அவை. ஐந்து எண்ணுக்கு அவை உத்தரவாதம் தராது. 28 பரவாயில்லை ரகம். பொதுவாகச் சின்ன மாதிரியில் பூட்ஸ்ட்ராப் இடைவெளி இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறுகித்தான் வரும்.

---

நூலகப்புழு எழுதியது:

இடையில் கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1979இல் வானத்திலிருந்து குதித்தது இல்லை இது. ஒவ்வொரு எண்ணாக விட்டுவிட்டு மறுபடி கணக்கிடும் ஜாக்நைஃப் முறை கெனூயி என்பவரின் 1949 கட்டுரையிலிருந்து வருகிறது. பேர் வைத்தவர் ஜான் டூக்கி. எஃப்ரானின் கட்டுரைத் தலைப்பிலேயே ஜாக்நைஃப் இருக்கிறது. தன் முறைக்கு நண்பர்கள் சொன்ன வேறு பெயர்களையும் நன்றி சொல்லும் பகுதியில் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் அவருக்கே மிகவும் பிடித்தது துப்பாக்கி, டூக்கியின் பேச்சைத் தழுவி: எந்தக் கணக்கின் தலையையும் பறக்கவிடும், பிறகு சிதறிக் கிடப்பதைப் பார்த்துச் சகித்துக்கொள்ளத் தெரிந்தால் சரி என்ற கிண்டலோடு.

எனக்கு இதைவிடப் பிடித்தது வங்காளக் கதை. பூட்ஸ்ட்ராப்பின் முன்வரலாற்றை எழுதிய பீட்டர் ஹால், அதை பீகார், ஒரிசாவில் ஹப்பக் 1920களில் நடத்திய பயிர் அளவைகள் வரை பின்னால் கொண்டுபோகிறார். அடுத்து இந்தியப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ். வங்காளச் சணல் சாகுபடி அளவையில் ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, தனித்தனி ஆட்களை அனுப்பி, இரண்டு விடையும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தார். விடை எவ்வளவு ஆடும் என்று வாய்ப்பாட்டிடம் கேட்கவில்லை, டேட்டாவிடமே கேட்டார்.

ஒரு விஷயத்தில் அவர் முறை இன்றைய முறையைவிட மேல் என்பேன். வயலில் அளக்கப் போனவர் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிய எண்ணாக இருந்தால், அடுத்த குழுவின் எண்ணோடு வைத்துப் பார்க்கும்போது பல்லிளித்துவிடும். கம்ப்யூட்டருக்குள் குலுக்கும்போது அந்தப் பொய்யும் சேர்ந்தே குலுங்கும், யாருக்கும் தெரியாது.

---

மின்கணக்கு எழுதியது:

நான் மின்தேவை முன்கணிப்பில் வேலை செய்கிறேன். இந்த முறை கழுத்தறுக்கும் இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, உச்சம். வருடத்தின் அதிகபட்ச மின்தேவைக்கு இடைவெளி கேட்பார்கள். குலுக்கி எடுக்கும் எந்த மாதிரியிலும் நம்மிடம் இருக்கும் உச்சத்தைவிடப் பெரிய எண் வரவே வராது. அதோடு, நம் உச்ச எண் குலுக்கலில் ஒரு தடவையாவது வந்துவிட 63 சதவீதம் வாய்ப்பு. ஆக, ஆயிரம் தடவை குலுக்கினால் அறுநூறு தடவைக்கு மேல் அதே ஒரு எண்தான் விடை. இதை எத்தனை டேட்டா சேர்த்தாலும் சரிசெய்ய முடியாது. வால் ரொம்ப நீண்டு, மாறுபாடே (சிதறலின் அளவே) முடிவிலியாகப் போகும் டேட்டாவில் சராசரிக்குக்கூட இது வேலை செய்யாது என்று அத்ரேயா 1987இல் காட்டியிருக்கிறார்.

இரண்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் டேட்டா. நேற்று வெயில் என்றால் இன்றும் பெரும்பாலும் வெயில்தான், ஏசி ஓடும். நாட்களைத் தனித்தனிச் சீட்டாக்கிக் குலுக்கினால் அந்த ஒட்டு அறுந்துபோய், இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும். அதற்குத்தான் தொடர்ச்சியான நாட்களைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக் குலுக்கும் முறை, 1989இல் குன்ஷ் கொடுத்தது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், அக்கா, உங்கள் முதல் பதிவில் 28 நோயாளிகள், 41 அறுவை என்று இருக்கிறது. அப்படியானால் சிலருக்கு இரண்டு மூன்று தடவை நடந்திருக்கிறது. எக்செல்லில் எத்தனை வரி இருக்கிறது?

---

வார்டுடேட்டா எழுதியது:

41 வரி. ஒரு அறுவைக்கு ஒரு வரி. 19 பேருக்கு ஒரு தடவை, 5 பேருக்கு இரண்டு தடவை, 4 பேருக்கு மூன்று தடவை. மாதக்கணக்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த 4 பேரில்தான் வருகிறார்கள்.

---

மின்கணக்கு எழுதியது:

நினைத்தேன். அந்த 4 பேர் மட்டும் 12 வரி. சர்க்கரை வியாதியோ வயதோ, ஒரு தடவை நீண்ட காலம் இருந்தவர் அடுத்த தடவையும் நீண்ட காலம் இருக்கவே வாய்ப்பு அதிகம். 41ஐயும் தனித்தனிச் சீட்டாகப் போட்டுக் குலுக்கினால் 41 வெவ்வேறு ஆட்கள் இருப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் குற்றச்சாட்டு அப்போதுதான் உண்மையாகும்.

சீட்டில் நோயாளியை எழுதுங்கள். 28 சீட்டு. ஒருவர் பெயர் வந்தால் அவருடைய எல்லா வரிகளும் சேர்ந்தே வர வேண்டும், அவர் இரண்டு தடவை வந்தால் எல்லா வரிகளும் இரண்டு தடவை.

---

ஐயப்பாடு எழுதியது:

அப்படியானால் என் 9ஆவது, 20ஆவது எண் வழியும் 41 வரிக்கு அப்படியே செல்லாது. ஒவ்வொரு காசும் தனியாகச் சுண்டப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒவ்வொருவருக்கும் முதல் அறுவையை மட்டும் எடுத்தால் 28 எண், அப்போது தாராளமாகச் செல்லும். ஆனால் அது முதல் அறுவையின் இடைநிலை, எல்லா அறுவைகளின் இடைநிலை இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். எது வேண்டும் என்பதை சைப்பை சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

பைத்தான்பாண்டி எழுதியது:

சரி, ஒரே வரி என்பதை வாபஸ் வாங்கவில்லை, பத்து வரி என்று மாற்றிக்கொள்கிறேன். அக்கா, நோயாளி எண் வாரியாக வரிகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். 28 எண்களிலிருந்து திரும்பப் போட்டு 28 எடுங்கள். அவர்களின் வரிகளை ஒட்டிச் சேர்த்து இடைநிலையைக் கணக்கிடுங்கள். இதைப் பத்தாயிரம் தடவை ஓட்டி, விடைகளை வரிசைப்படுத்தி, கீழே 2.5 சதவீதமும் மேலே 2.5 சதவீதமும் தள்ளிவிட்டால் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் மொத்த வரி 41ஆக இருக்காது, கூடும் குறையும். அது தப்பில்லை. விதை எண்ணை (கம்ப்யூட்டர் குலுக்கலைத் தொடங்கும் எண்ணை) மறக்காமல் குறித்துவையுங்கள், நாளைக்கு யாராவது திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மின்கணக்கு சொன்ன 63 சதவீதத்தைப் பார்த்ததும் எனக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் இயந்திரக் கற்றல் முறை) ஞாபகம் வந்துவிட்டது. பிரைமன் 1996இல் கொண்டுவந்த பேகிங்கும் (குலுக்கி எடுத்த பல மாதிரிகளின் கணிப்புகளைச் சேர்ப்பது) 2001இன் ரேண்டம் ஃபாரஸ்டும் இந்தக் குலுக்கலில்தான் நிற்கின்றன. ஒவ்வொரு மரத்துக்கும் டேட்டாவைத் திரும்பப் போட்டு எடுக்கும்போது சுமார் 37 சதவீதம் வரிகள் வெளியே நின்றுவிடும். அந்த மரத்துக்குப் பரீட்சை வைக்க அந்த வரிகளையே பயன்படுத்துவார்கள். தினமும் இதை ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அடியில் எஃப்ரான் இருப்பது தெரியாது என்று நினைக்கிறேன். எனக்கும் இந்த இழைக்கு முன்னால் அவர் பெயர் ஒரு பெயர்தான்.

---

நூலகப்புழு எழுதியது:

2018 நவம்பரில் அவருக்குச் சர்வதேசப் புள்ளியியல் பரிசு அறிவித்தபோது பூட்ஸ்ட்ராப்பைத்தான் காரணமாகச் சொன்னார்கள். 2023இல் அதே பரிசு நம் சி. ஆர். ராவுக்கு, 102 வயதில்.

---

வார்டுடேட்டா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாண்டி சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன். வரிகளைக் குலுக்கினால் 4 முதல் 6 நாள் என்று வந்தது, நோயாளிகளைக் குலுக்கினால் 4 முதல் 9 நாள். மேல் முனை மூன்று நாள் தள்ளிப் போய்விட்டது! வார்டில் படுக்கை ஒதுக்குபவருக்கு அந்த மூன்று நாள் சின்ன விஷயம் இல்லை. எனக்கு வேண்டியது எல்லா அறுவைகளின் இடைநிலைதான், ஏனென்றால் படுக்கை காலியாவதைத்தான் நான் பார்க்கிறேன்.

முறைகள் பகுதியில் இப்படி எழுதட்டுமா: "அறுவைக்காக வார்டில் சேர்ந்த மொத்த 41 அனுமதிகளின் இடைநிலை 5 நாட்கள். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி பூட்ஸ்ட்ராப் முறையில் 10,000 முறை மறுமாதிரி எடுத்துக் கணக்கிடப்பட்டது."

---

சாம்பிள்சாமி எழுதியது:

எதைக் குலுக்கினீர்கள் என்பது அதில் இல்லையே அம்மா. இரண்டாவது வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்: "ஒரே நோயாளிக்குப் பல அனுமதிகள் இருந்ததால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளிக்காக (4 முதல் 9 நாட்கள்) நோயாளிகளை அலகாகக் கொண்டு 10,000 முறை மறுமாதிரி எடுக்கப்பட்டது, ஒவ்வொரு நோயாளியின் எல்லா அனுமதிகளும் சேர்த்தே எடுக்கப்பட்டன." 28 அலகுகள்தான் என்பதால் உண்மையான இடைவெளி இன்னும் சற்று அகலமாக இருக்கலாம் என்று விவாதப் பகுதியில் ஒரு வரி. ஐயப்பாடு சொன்ன முதல் அறுவைக் கணக்கையும் ஒரு அட்டவணை வரிசையாகக் கொடுத்துவிடுங்கள். மதிப்பாய்வாளர் அடுத்து அதைத்தான் கேட்பார்.